ஒலியில் ஒற்றுமை, பொருளில் வேற்றுமை

வங்கியிலிருந்து வரும் கடிதங்களும் கடன் ஒப்பந்தங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. அவற்றில் அறியாத சொல் எதிர்ப்பட்டால் அகராதியைப் புரட்டுகிறோம்; அல்லது அருகிலிருப்பவரைக் கேட்கிறோம். அறிந்த சொல்லைப் போலவே தோன்றும் வேறொரு சொல் வந்தால் ஐயமின்றிக் கடந்து விடுகிறோம். அத்தகைய சொற்கள் சிலவற்றை இங்குக் காண்போம்.

முதலில் ‘பிரின்சிபல்’. இவ்வாறு ஒலிக்கும் சொற்கள் இரண்டு உண்டு. பி-ஏ-எல் என முடிவது கடனின் அசல் தொகை. கல்லூரித் தலைவரைக் குறிப்பதும் அதுவே. பி-எல்-இ என முடிவது கொள்கை அல்லது நெறி. தமிழர்க்கு இதனை நினைவிற்கொள்வது எளிது. வணிகத்தில் இடும் பணத்தை ‘முதல்’ என்கிறோம். கல்லூரித் தலைவரை ‘முதல்வர்’ என்கிறோம். ‘முதல்’ என்னும் நம் சொல் பொருந்தும் இடமெல்லாம் பி-ஏ-எல்.

தவணை அட்டவணையில் இச்சொல்லின் அருகே ‘இன்ட்ரஸ்ட்’ என்றொரு பத்தி இருக்கும். 10 லட்சம் ரூபாயை 9 விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டுகளுக்குக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறக்குறைய 8,997 ரூபாய். முதல் மாதத்தில் அதில் 7,500 ரூபாய் வட்டிக்கே சென்றுவிடும். அசலில் கழிவது 1,497 ரூபாய் மட்டுமே. அதே ‘இன்ட்ரஸ்ட்’ ஒரு கிரயப் பத்திரத்தில் வந்தால் வட்டி என்று கொள்ளலாகாது. ‘ரைட், டைட்டில் அண்டு இன்ட்ரஸ்ட்’ என்னும் தொடரில் அது சொத்தின் மீதுள்ள உரிமைப் பங்கைக் குறிக்கிறது.

அடுத்தது ‘லீன்’. எழுத்துகள் எல்-ஐ-இ-என். கடைசி இரண்டு எழுத்துகளை இடம் மாற்றினால் ‘லைன்’ ஆகிவிடும். நான் கிளையில் பணியாற்றிய காலத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கணக்கறிக்கையுடன் வந்தார். “ஐயா, என் பணம் ஏதோ வரிசையில் நிற்கிறதாமே, என் முறை எப்போது வரும்?” என்று கேட்டார். அவர் பங்கு வெளியீடு ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தார். ஒதுக்கீடு முடியும்வரை அத்தொகை அவர் கணக்கிலேயே இருக்கும். ஆயினும் அவரால் எடுக்க இயலாது. அந்தக் கட்டுக்குப் பெயரே லீன். தமிழில் பற்றுரிமை என்பர். ‘கட்டு’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்த சொல் இது. வைப்புத் தொகையை ஈடாக வைத்துக் கடன் பெறும்போதும் இக்குறிப்பு இடப்படும். ஆசிரியர் பிழையாகப் படித்ததில் வியப்பில்லை. அக்காலத்தில் எங்கள் அலுவலர் சிலரே அதனை ‘லைன்’ என்றுதான் உச்சரித்தனர்.

‘சாங்ஷன்’ ஒரே சொல்லாயினும் இருமுகம் கொண்டது. வங்கி வழங்கினால் கடன் ஒப்புதல்; ஒரு நாட்டின் மீது விதித்தால் பொருளாதாரத் தடை.

இனி, தவறாகப் புரிந்துகொண்டால் பெரும் இழப்பைத் தரும் சொல்லுக்கு வருவோம். ‘வேவ்’ என்னும் ஒலியுடைய சொல்லில் ஏ-வுக்குப் பின் ஐ என்னும் எழுத்து இல்லையெனில் அலை, அல்லது கையசைத்தல். ஐ இருப்பின் உரிமையை விட்டுக்கொடுத்தல். இதனின்று பிறந்ததே ‘வேவர்’. கடனில் வேவர் வழங்கப்பட்டால் அத்தொகையைக் கடன் பெற்றவர் திருப்பிச் செலுத்த வேண்டுவதில்லை. ஆனால் ‘ரைட் ஆஃப்’ முற்றிலும் வேறு. நெடுநாள் வாராத கடனுக்கு வங்கி தன் இலாபத்திலிருந்து ஒதுக்கீடு செய்து, அதனைத் தன் ஐந்தொகையிலிருந்து நீக்குகிறது. இது வங்கியின் கணக்கு முறை மட்டுமே. கடன் பெற்றவரின் பொறுப்பு அப்படியே நிற்கும். வசூல் நடவடிக்கையும் வழக்கும் தொடரும்.

தமிழ் நாளிதழ்கள் பல வேளைகளில் இரண்டையும் ‘தள்ளுபடி’ என்றே எழுதிவிடுகின்றன. அதனைப் படித்து, “என் கடனும் தள்ளுபடியாகிவிட்டது” என்று நிம்மதியாக இருந்து, பிறகு அறிவிப்புக் கடிதம் கண்டு திடுக்கிட்டவர்களை நான் அறிவேன். முன்னதைத் ‘தள்ளுபடி’ என்றும், பின்னதை ‘ஏட்டு நீக்கம்’ என்றும் வேறுபடுத்தி எழுதினால் நலம்.

2008-ஆம் ஆண்டின் நடுவண் அரசு வேளாண் கடன் திட்டப் பெயரிலேயே ‘வேவர்’, ‘ரிலீஃப்’ என்னும் இரு சொற்கள் இருந்தன. குறு, சிறு உழவர்க்கு வேவர். திட்டத்திற்குட்பட்ட தொகை முழுவதும் நீங்கியது. ஏனைய உழவர்க்கு ரிலீஃப்; அவர்கள் பொதுவாக 75 விழுக்காட்டைச் செலுத்தினால் எஞ்சிய 25 விழுக்காடு கழிக்கப்பட்டது. ஐந்து ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தவர் முதற்சொல்லை மட்டும் கேட்டுவிட்டு வீட்டிலிருந்தால், அந்தக் கழிவையும் இழக்க நேர்ந்திருக்கும்.

எழுத்தில் தெளிவாயிருந்து செவியில் மயங்கும் சொற்களும் உண்டு. ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ என்பன தொலைபேசியில் ஏறத்தாழ ஒன்றாகவே கேட்கும். ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ முதலியனவும் அவ்வாறே. தொகையைக் கூறும்போது ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஜீரோ’ என இலக்கங்களைப் பிரித்துச் சொல்லுங்கள். காசோலையில் இம்மயக்கம் நேர்ந்தால் சட்டம் எழுத்தின் பக்கமே நிற்கிறது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18-ஆம் பிரிவின்படி, எண்ணால் 50,000 என்றும் எழுத்தால் ‘ஃபிஃப்டீன் தௌசண்ட்’ என்றும் இருந்தால், வழங்கவேண்டிய தொகை 15,000 ரூபாயே. எனினும் நடைமுறையில் அத்தகைய காசோலையை வங்கிகள் திருப்பியனுப்புவதே வழக்கம். வேறொரு காசோலை எழுதித் தர நேரிடும்.