கூர்மையும் சிக்கனமும்

ஆராயாமல் வாங்கிய பழைய லென்ஸைச் சோர்க்கி-4 காமிராவில் மாட்டிப் பாட்டியைப் படமெடுத்தேன். கண்கள் மங்கின, பின்னிருந்த தூண் துலங்கியது. இன்று பாட்டி இல்லை.

ரேஞ்சுபைண்டர் காமிராவில் நாம் லென்ஸ் வழியே பார்ப்பதில்லை. தனிச் சாளரத்தின் வழியே தூரத்தைக் கணிக்கிறோம். இவ்விரண்டும் ஒவ்வாவிடில் கூர்மை இடம் மாறிவிடும்.

மாணவர்க்கு ஏற்ற விலையில் கிடைப்பது இண்டஸ்டார்-61. இது 1902-இல் பால் ருடால்ப் வகுத்த டெஸ்ஸார் முறையில், நான்கு கண்ணாடிகள் மூன்று தொகுதிகளாக அமைந்தது, லாந்தனம் கலந்தது.

நண்பர்களே, சோதித்தே வாங்குங்கள். பின்மூடியைக் கழற்றிப் படச்சுருளின் இடத்தில் டிரேசிங் தாளை இழுத்து ஒட்டுங்கள். லென்ஸை 2.8-க்குத் திறந்து, ஷட்டரை 'பி'யில் திறந்து வையுங்கள். ஒரு மீட்டருக்கப்பால் சாய்த்துவைத்த செய்தித்தாளில் ஒரு வரியைச் சாளரத்தில் பொருத்துங்கள். டிரேசிங் தாளை உருப்பெருக்கியால் நோக்குங்கள். அதே வரி தெளிந்தால் பணம் கொடுக்கலாம்; பிறகு பாட்டியை அமரச் சொல்லலாம்.