பழைய ஆர்டர் தளத்தைப் புதுப்பிக்கும்போது

சில்லறை வணிகர்கள் இரவிலும் ஆர்டர் போட நாங்கள் ஓர் இணையதளம் வைத்திருக்கிறோம். 2012இல் எழுதியது, பி.எச்.பி. 5ஆம் பதிப்பில் ஓடியது. அந்தப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 இறுதியோடு நின்றுவிட்டன. ஓடுகிறதே என்று நாங்களும் தள்ளிப்போட்டோம். அது தவறு.

மாற்றும்போது வரும் கோளாறுகள் இரு வகை. பழைய மைஎஸ்க்யூஎல் கட்டளைகளை 2015இல் வந்த 7ஆம் பதிப்பிலேயே நீக்கிவிட்டார்கள். அதனால் பக்கம் நின்றுவிடும்; புரோகிராமர் உடனே கண்டுகொள்வார். சத்தமில்லாமல் வருவதுதான் கணக்கைக் கெடுக்கும்.

வேண்டாத சரக்குக்கு எதிரே கடைக்காரர் கட்டத்தைக் காலியாக விடுவார். ‘அளவு பூஜ்யத்துக்குச் சமமானால் அந்த வரியை விட்டுவிடு’ என்பது எங்கள் தளத்தின் கட்டளை. பழைய பதிப்பு காலிக் கட்டத்தையும் பூஜ்யத்துக்குச் சமமாகவே எடுத்துக்கொண்டது. 2020இல் வந்த 8ஆம் பதிப்பிலோ காலி வேறு, பூஜ்யம் வேறு. பிழைச்செய்தியும் வராது. ஒத்திகையில், துவரம்பருப்பு மட்டும் கேட்ட சீட்டில் சரக்குப் பட்டியல் முழுவதும் அச்சாகி வந்தது. அந்தச் சீட்டு குடோனுக்குப் போயிருந்தால்!

ஆகையால் ஓடும் தளத்தில் கை வைக்காதீர்கள். தளத்தையும் கணக்கு விவரங்களையும் பிரதி எடுத்து, வேறிடத்தில் புதிய பதிப்பில் ஓட்டிப் பாருங்கள். சென்ற வார ஆர்டர்கள் பத்தை மறுபடி போட்டு, பழைய பில்லோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். காலிக் கட்டம், அரை கிலோ, தமிழில் எழுதிய கடைப்பெயர் ஆகியவை அவற்றில் கட்டாயம் இருக்கட்டும். பில் போடுபவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். எங்கள் சீட்டில் தவறைக் கண்டது புரோகிராமர் அல்ல, அவர்தான்.