மேசையும் திரையும்

பெங்களூருவின் இந்திராநகர், கோரமங்கலா போன்ற பகுதிகளில் பலகை விளையாட்டுகளுக்கு இடமளிக்கும் உணவகங்கள் உண்டு. சில மாலைகளில் அங்கே ஒரு விந்தையான குழுவைக் காணலாம். மேசையைச் சுற்றி ஐவர் அமர்ந்திருப்பர். நடுவே தாள்களும் பென்சில்களும் வண்ணப் பகடைகளும் கிடக்கும். காய்களை நகர்த்துவதைவிடப் பேசுவதே அங்கு மிகுதி. "கதவைத் தட்டாமல், காதை வைத்துக் கேட்கிறேன்" என்பார் ஒருவர். "உள்ளே யாரோ இருமும் ஓசை கேட்கிறது" என்பார் எதிரில் இருப்பவர். மற்ற மூவரும் மூச்சடக்கிக் கேட்பர்.

இதனைப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்பர். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்கி 1974ஆம் ஆண்டு வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி. ஆடுவோர் ஒவ்வொருவரும் கதையில் ஒரு பாத்திரம். ஒருவர் மட்டும் கதை நடத்துநர். ஊரையும் காட்டையும் பகைவரையும் சொல்லால் படைப்பது அவர் பணி. என்ன செய்வது என்பதை ஆடுவோர் முடிவு செய்வர். அது கைகூடுமா என்பதைப் பகடை முடிவு செய்யும். தாயம் விழுந்தால்தான் காய் களத்தில் இறங்கும் என்பதை நாம் அறிவோம். இங்கே 20 முகப் பகடையில் உயர்ந்த எண் விழுந்தால்தான் வீரன் மதிலைத் தாண்டுவான். 4, 6, 8, 10, 12 முகங்கள் கொண்ட பகடைகளும் உண்டு. ஆடுவோர் ஒருவரையொருவர் வெல்வதற்காக ஆடுவதில்லை. எல்லாரும் சேர்ந்து ஒரே கதையை வளர்க்கின்றனர்.

கதை நடத்துநருக்கு நம் மரபில் ஓர் உறவினர் இருக்கிறார். தெருக்கூத்தின் கட்டியங்காரனே அவர். மேடைக்கு வரும் வேடத்தை "யார் நீ?" என்று வினவிப் பேச வைப்பதும், கூட்டம் சோர்ந்தால் நகைச்சுவையால் எழுப்புவதும் அவர் வேலை. முகங்களைப் படிக்கத் தெரியாதவர் கட்டியங்காரனாக நிலைக்க முடியாது. கதை நடத்துநரின் நிலையும் அதுவே.

2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. மேசைகள் வெறுமையாயின. ஆட்டம் காணொளி அழைப்புக்கு இடம் மாறியது. இதற்கான இணையக் கருவிகள் புதியவை அல்ல. ரோல்20 என்னும் தளம் 2012இலேயே வந்துவிட்டது. வரைபடத்தில் காணாத பகுதிகளை இருளால் மூடி வைத்து, வீரர்கள் முன்னேறும்போது சிறிது சிறிதாகத் திறக்கலாம். பகடையைக் கணினி உருட்ட, விழுந்த எண்ணை எல்லாரும் காண்பர். "விரல் பட்டுவிட்டது, மறுபடி உருட்டுகிறேன்" என்னும் பூசலுக்கு இடமில்லை. ஒயிட்ஃபீல்டிலிருந்து ஜெயநகர் வரை நெரிசலில் ஊர்ந்து செல்லவும் வேண்டியதில்லை. பெங்களூருவில் வாழ்வோருக்கு அந்த ஒரு நன்மையே போதும்!

ஆயினும் திரையில் பேச்சு இடறுகிறது. பத்து மொழிகளின் உரையாடல்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க ஆகும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எனக் காட்டியது. இணையத்தில் குரல் சென்று சேரும் தாமதம் அந்தச் சிறிய இடைவெளியைக் குலைத்துவிடுகிறது. இருவர் ஒருங்கே பேசத் தொடங்குவர். இருவரும் ஒருங்கே நிறுத்துவர்.

அதனினும் பெரிய இடர் மௌனம். மேசையில் ஒரு சிறுவன் பேசாமலிருந்தால் காரணம் பெரும்பாலும் முகத்திலேயே தெரியும். சன்னலைப் பார்த்தால் சலிப்பு. நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அவனிடம் சொல்ல ஒன்று இருக்கிறது, இடம்தான் கிடைக்கவில்லை. நடத்துநர் அவன் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினால் போதும். திரையிலோ கேமரா அணைந்த கட்டத்தில் பெயர் மட்டுமே எஞ்சும். அந்த மௌனம் கூச்சமா, சலிப்பா, இணைப்பு அறுந்ததா? கேட்டால்தான் தெரியும். ஆகவே திரையில் நடத்துபவர் மேசைப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். வருணனையைச் சுருக்கி, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, "உன் வீரன் இப்போது என்ன செய்கிறான்?" என்று வினவ வேண்டும். ஆட்கள் குறைவாக இருப்பது நலம்.

இவ்வளவு தொல்லை எதற்கு? பெங்களூருவில் வளரும் ஒரு தமிழ்ச் சிறுமியை எண்ணிப் பார்க்கலாம். பள்ளித் தோழருடன் மேசையில் ஆடும்போது அவள் வாயில் ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும் வரும். திருநெல்வேலியில் உள்ள அத்தை மக்களுடன் திரையில் ஆடும்போதோ, முழுக் கதையையும் தமிழில் சொல்லியாக வேண்டும். அரண்மனைக்கும் ஆந்தைக்கும் அவளிடம் சொற்கள் உண்டு. "திருடன் பெரிய நெல் டப்பாவுக்குள் ஒளிந்தான்" என்கிறாள். எல்லாரும் சிரிக்கின்றனர். கேமராவுக்கு அப்பாலிருந்து ஆச்சியின் குரல் வருகிறது: "டப்பா இல்லட்டி, அது குலுக்கை. மண்ணால செஞ்சது. ஆள் உயரம் இருக்கும்."

சிறுமி தன் தாளில் எழுதிக்கொள்கிறாள். அடுத்த ஞாயிறு, திருடன் குலுக்கைக்குள்ளிருந்து தும்முகிறான்.

சிந்தித்து எழுதுக

1. கதை நடத்துநரும் கட்டியங்காரனும் எவ்வகையில் ஒத்தவர்கள்?
2. மேசையில் எளிதாக விளங்கும் மௌனம் திரையில் விளங்காமற்போவது ஏன்?
3. 'குலுக்கை' போன்று உம் பாட்டி வீட்டில் மட்டும் வழங்கும் மூன்று சொற்களைக் கேட்டறிந்து, அவை இடம்பெறுமாறு ஒரு கதையின் தொடக்கத்தை எழுதுக.