இணைந்து இயங்கும் ஏற்பிகள்

நம் உடலில் சுரக்கும் ஹார்மோன்கள் இரத்தத்தில் கலந்து, உறுப்புதோறும் செய்தி கொண்டு செல்கின்றன. அச்செய்தியைப் பெறுவதற்கென உயிரணுவில் அமைந்துள்ள புரதமே ஏற்பி எனப்படும்.

பெண்களின் உடலில் மிகுதியாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனுக்கு இருவகை ஏற்பிகள் உள்ளன. முதல் வகை ஆல்பா. மற்றொன்றான பீட்டாவை 1996ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் அறிவித்தனர். காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் வாளி தொங்கினால்தான் சுமை சமன்படும். அதுபோல, ஹார்மோனைப் பற்றிய ஏற்பிகள் இரண்டிரண்டாக இணைந்தே மரபணுக்களை இயக்குகின்றன. ஆல்பா இரண்டு இணைந்தால் மார்பக உயிரணுக்கள் பெருகத் தூண்டப்படுகின்றன. ஆல்பாவுடன் பீட்டா இணையுமாயின் அத்தூண்டுதல் பல வேளைகளில் தணிகின்றது.

இதனை அறிவதால் நமக்கு விளையும் பயன் யாது? மார்பகப் புற்றுநோய் கண்டோருள் 100க்கு ஏறக்குறைய 70 பேரின் கட்டிகளில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் காணப்படுகின்றன. கட்டியின் சிறு பகுதியைச் சோதித்து மருத்துவர்கள் இதனை அறிவர். இத்தகையோர் பலருக்கு அளிக்கப்படும் டாமோக்சிபென் மாத்திரை, ஹார்மோன் அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்து, வளர்ச்சிக்கான செய்தியைத் தடுக்கின்றது. இதனைப் பொதுவாக 5 ஆண்டுகளேனும் நாள்தோறும் உட்கொள்ளல் வேண்டும். உடல் தேறிவிட்டதெனக் கருதி நாமே நிறுத்தினால், நோய் மீளும் அபாயம் மிகும்.

மார்பில் கட்டி தென்பட்டால், வலியில்லையே என்று வாளா இருத்தல் ஆகாது. நாணத்தை விடுத்து, உடனே மருத்துவரை நாடுவோமாக.