வளைவில் நிற்கும் காவலன்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களிலிருந்து பல குடும்பங்கள் கெந்திங் மலைக்குச் செல்கின்றன. மலைச்சாலை வளைந்து வளைந்து ஏறும். ஒருபுறம் மலை, மறுபுறம் ஆழமான பள்ளம். சாலையோரத் தடுப்பைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை.

2013ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள், அம்மலையிலிருந்து இறங்கிய பேருந்து ஒன்று பள்ளத்தில் விழுந்தது. 37 பேர் உயிரிழந்தனர். நாட்டையே உலுக்கிய இவ்விபத்து, மலைச்சாலைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பலரையும் சிந்திக்க வைத்தது.

ஓடும் வாகனம் நேராகச் செல்லவே முயலும். அதை வளைவில் திருப்ப விசை தேவை. வேகம் இருமடங்கானால், தேவைப்படும் விசை நான்கு மடங்காகும். இதனால்தான் பொறியாளர்கள் வளைவின் வெளி விளிம்பைச் சற்று உயர்த்திச் சாலையைச் சாய்வாக அமைக்கின்றனர். அளவுக்கு மீறிய வேகத்தில் இச்சாய்வும் உதவாது. வாகனம் வெளிப்புறமாகச் சறுக்கும். அங்கேதான் தடுப்பின் பணி தொடங்குகிறது.

நல்ல தடுப்பு வாகனத்தைச் சட்டென்று நிறுத்தாது. அதன் வேகத்தைக் குறைத்து, மீண்டும் சாலையை நோக்கித் திருப்பும். எஃகுத் தடுப்பு வளைந்து மோதலின் ஆற்றலை ஏற்கிறது. ஆனால், அது வளைய அதன் பின்னால் இடம் வேண்டும். பள்ளத்தின் விளிம்பில் அவ்விடம் இல்லையென்றால், வலுவான கான்கிரீட் தடுப்பே ஏற்றது. அதன் சரிவான அடிப்பகுதி, உரசும் சக்கரத்தைத் திசைதிருப்ப உதவுகிறது.

சாய்வான வளைவில் மற்றொரு சிக்கலும் உண்டு. உயர்ந்த விளிம்பைத் தாண்டியதும் சாலையோரம் எதிர்ப்புறமாகச் சரிந்தால், வேகமாக வரும் வாகனம் சற்றே மேலெழும்பித் தடுப்பின் மேற்பகுதியில் மோதலாம். உயரமான பேருந்து கவிழவும் கூடும். ஆகவே, சமதளத்தில் மகிழுந்தைக் கொண்டு சோதித்த தடுப்பு, மலை வளைவில் பேருந்தைக் காக்கும் என்று கருதிவிட முடியாது. வாகனத்தின் எடை, உயரம், மோதும் கோணம், சாலையின் சாய்வு ஆகிய அனைத்தையும் கணக்கிட வேண்டும்.

எனினும், தடுப்பு என்பது கடைசிக் காவல்தான். பழுதில்லாத பிரேக், அளவான வேகம், இருக்கை வார் ஆகியவையே முதற்காவல். அடுத்த முறை மலைச்சாலையில் பயணம் செய்யும்போது இருக்கை வாரை அணிந்துகொண்டு, வளைவில் நிற்கும் அந்தக் காவலனையும் ஒருமுறை பாருங்கள்.