வத்தலுக்கும் கூழுக்கும் இதுதான் காலம்
பந்தல்குடி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்கான சித்திரை–வைகாசி ஆலோசனை

சித்திரை பிறந்துவிட்டது. சித்திரை 21ஆம் தேதி கத்திரி தொடங்கி வைகாசி 14 வரை நிற்கும். ஆங்கிலக் கணக்கில் மே 4 வாக்கில் ஆரம்பித்து மே 28 வரை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு. நாள் முழுக்க அவர்கள் வீட்டிலும் தெருவிலும் இருப்பார்கள், மணிக்கொரு தடவை ஏதாவது கேட்பார்கள். கேட்கும்போதெல்லாம் கடையில் பாக்கெட் வாங்கிக் கொடுத்துப் பழக்குவதற்கு முன்னால், நம் காடும் பனையும் இந்த மாதத்தில் என்ன தருகின்றன என்று பாருங்கள். நாம் பிள்ளைகளாக இருந்தபோது தின்றதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அதை மீண்டும் வீட்டுக்குள் கொண்டுவர இந்த ஒன்றரை மாதத்தை விட்டால் அடுத்த வருடம்தான்.

முதலில் வத்தல். கத்திரிக்கு முன்னாலேயே போட்டு முடித்துவிடுங்கள். கத்திரியிலும் காயும்தான், ஆனால் மாடியில் நின்று வேலை பார்க்கிறவர் உடம்பு தாங்காது. கூழ் வத்தலுக்கு மாவை முதல் நாள் ராத்திரியே அரைத்துக் கரைத்து வையுங்கள். விடியற்காலை நான்கரை, ஐந்து மணிக்குக் கிண்டி இறக்கினால் ஆறு மணிக்கு மாடியில் வேட்டியை விரித்துப் பிழியத் தொடங்கலாம், எட்டு மணிக்குள் கீழே இறங்கிவிடலாம். முறுக்கு உழக்கில் பிழியும் வத்தலுக்கு ஒரு பங்கு பச்சரிசி மாவுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் போதும். கரண்டியால் ஊற்றுவதென்றால் கூழ் இன்னும் இளக்கமாக இருக்க வேண்டும். உப்பை நாக்குக்குச் சற்றுக் குறைவாகவே போடுங்கள். தண்ணீர் வற்றும்போது மாவில் இருக்கிற உப்பு ஏறித் தெரியும், கூழிலேயே சரியாக இருந்தால் பொரித்த வத்தலில் கரிக்கும். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வத்தல் உடையாமல் உரிந்து வரும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தாம்பாளத்தில் பரப்பிக் காய வைத்து, ஒடித்தால் சடக்கென்று ஒடிகிறதா என்று பார்த்துவிட்டு டப்பாவில் போடுங்கள். வளைந்துகொடுத்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. மதுரை–தூத்துக்குடி நால்வழிச் சாலை பக்கத்திலேயே போகிறது. சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளும் ஓடுகின்றன. சாலையை ஒட்டிய மாடிகளில் வத்தல் போடாதீர்கள். ஊருக்குள் தள்ளி இருக்கிற உறவுக்காரர் வீட்டு மாடியைக் கேளுங்கள். மேலே மெல்லிய வலைத்துணி போட்டு ஓரங்களில் கல் வையுங்கள். காக்கைக்கு என் அப்பத்தா ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்து, பக்கத்தில் எங்களையும் உட்கார வைப்பார். நாங்கள் காவல் காத்த நேரத்தில் காக்கை தின்றதைவிட நாங்கள் தின்றதுதான் அதிகம். பாதி காய்ந்து, மேலே தோல் கட்டி உள்ளே கூழாக இருக்கும் அந்த வத்தலுக்கு ஈடான தின்பண்டத்தை நான் வேறெங்கும் தின்றதில்லை. உங்கள் பிள்ளைகளையும் காலையில் அந்தக் காவலுக்கு உட்கார வையுங்கள், அவர்கள் தின்னட்டும், அதற்கென்று கூடவே கொஞ்சம் பிழியுங்கள். ஆனால் ஒன்பது மணிக்கு மேல் அவர்கள் மாடியில் இருக்கக் கூடாது.

சீனியவரைக்காயைக் காம்பு கிள்ளி, உப்புத் தண்ணீரில் அரை வேக்காடாக வேகவைத்து, வடித்துக் காய வையுங்கள். மோர்மிளகாய்க்குக் குண்டு மிளகாய் கிடைத்தால் அதுவே நல்லது. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்து முண்டு மிளகாய் புவிசார் குறியீடு பெற்றது. அந்தச் செடியின் பச்சைக்காய்க்குச் சதையும் மணமும் உண்டு. அடியில் லேசாகக் கீறி, புளித்த மோரில் உப்புப் போட்டு ஊற வையுங்கள். பகலில் வெயில், ராத்திரி மறுபடியும் அதே மோர். பாத்திரத்தில் மோர் வற்றுகிற வரைக்கும் இப்படியே செய்யுங்கள், நாலைந்து நாளாகும். மழைக்குப் பிறகு காட்டில் பொறுக்கிய மிதுக்கங்காயை வத்தல் போட்டு வைத்திருப்பவர்கள் அதை இப்போது எடுத்து ஒரு நாள் வெயில் காட்டுங்கள். இல்லாவிட்டால் வண்டு முந்திக்கொள்ளும்.

இந்த வேலையையெல்லாம் வீட்டுப் பெண்கள் தலையில் மட்டும் கட்டாதீர்கள். கிண்டும் கூழ் கனம், தூக்கும் பானை கனம், அடுப்படிச் சூடு வெயிலைவிடக் கொடியது. மாடிக்குத் தூக்கிக் கொடுப்பது, வேட்டி விரிப்பது, சாயங்காலம் நாலு மணிக்கு மேகம் கறுத்தால் ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வருவது எல்லாம் ஆண்பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலை.

அடுத்து காலைச் சாப்பாடு. நம் மானாவாரிக் காட்டில் கம்பு தை, மாசியில் வீட்டுக்கு வருகிறது. ஆகவே இப்போது கிடைப்பது புதுக்கம்பு. கம்பில் இருக்கிற இரும்புச்சத்து தீட்டிய அரிசியில் இருப்பதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. வளரும் பிள்ளைகளுக்கு, அதிலும் பெண்பிள்ளைகளுக்கு, இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. ஆனால் கடையில் கம்பு மாவாக வாங்காதீர்கள். கம்பில் எண்ணெய்ப் பசை மற்றத் தானியங்களைவிடக் கூட. அரைத்த பிறகு, அதனுள்ளேயே இருக்கிற நொதி அந்த எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குகிறது. சில நாட்களில் மாவு கசந்துபோகும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். கம்மங்கூழ் பிடிக்காது என்று சொல்லும் பிள்ளைகளில் பலர் கசந்த மாவில் காய்ச்சிய கூழைக் குடித்தவர்கள்தான் என்பது என் எண்ணம். தானியமாக வாங்குங்கள், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் உடையுங்கள்.

உரல் இல்லாத வீடுகளில் மிக்சி போதும். கம்பைக் கழுவி வடித்து, ஈரத்தோடு கால் மணி நேரம் வையுங்கள். மிக்சியில் விட்டு விட்டு ஓட்டினால் உமி கழன்றுவிடும். முறத்தில் போட்டுப் புடைத்துவிட்டு, மறுபடியும் ரவையாக உடைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும், ஒரு பங்கு ரவைக்கு நாலு பங்கு தண்ணீர் வைத்து, கட்டி விழாமல் கிண்டி வேகவையுங்கள். கையைத் தண்ணீரில் நனைத்துவிட்டு மேலே தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஆறியதும் உருண்டை பிடித்து மண்பானைத் தண்ணீரில் போட்டு மூடி வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரோடு கரைத்து, மோர் ஊற்றி, உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போடுங்கள். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், சீனியவரை வத்தல், மாங்காய்க் கீற்று, கருவாடு, எது இருந்தாலும் சரி. காலை பத்து மணிக்குள் குடித்து முடித்துவிட வேண்டும். மிஞ்சினால் மாட்டுக்கு ஊற்றுங்கள், மத்தியானத்துக்கு வைக்காதீர்கள். பழைய சோற்றுக்கும் இதே கணக்கு. சோறு நன்றாக ஆறிய பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.

மத்தியானத்துக்குக் குதிரைவாலி. அரிசியைவிடச் சீக்கிரம் வேகும், அடுப்படியில் நிற்கிற நேரம் குறையும். ஆறவைத்துத் தயிரில் பிசைந்தால் பிள்ளைகள் வித்தியாசமே பார்க்க மாட்டார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சிறுதானியம்தானே என்று அளவில்லாமல் சாப்பிடக் கூடாது. குழம்பு என்றால் புளிக்குழம்பு, வத்தக்குழம்பு. தேங்காய் அரைத்து ஊற்றியது இந்த வெயிலில் மத்தியானம் தாண்டாது. பயறு, பருப்பு வேகவைக்க ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீர்கள். சுண்ணாம்புக்கல் பூமி இது. தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து பயற்றின் தோலை இறுக்கிவிடும், எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் மசியாது. குடிதண்ணீரில் ஊறவைத்து அதிலேயே வேகவையுங்கள்.

மாலையில் நுங்கு. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். இளசாகப் பார்த்து, கண்ணுக்குள் விரல் விட்டால் நீர் தெறிக்கிற பதத்தில் வாங்குங்கள், மேல்தோலோடு தின்னலாம். முற்றிக் கடுக்காயாகிப் போனதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் வயிறு வலிக்கும். நுங்கு எடுத்த கூந்தலை வீசிவிடாதீர்கள். இரண்டு கூந்தலைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் வண்டி. பிள்ளைகளுக்குச் செய்யத் தெரியாது என்றால் அப்பாமார் செய்து காட்டுங்கள், அந்தி சாயும்வரை போன் பக்கம் போக மாட்டார்கள்.

பதநீர் காலையில் இறக்கியதைக் காலையிலேயே குடிக்க வேண்டும். புளிக்காமல் இருக்கத்தான் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள். வெயில் ஏறினால் அதுவும் நெடுநேரம் தாங்காது. பனையோலைப் பட்டையில் ஊற்றி, மாங்காயை நறுக்கிப் போட்டுக் குடிக்கிற ருசி தனி. அதில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஆகாது. சாயல்குடி, வேம்பார் பக்கத்துக் கருப்பட்டி இந்த மாதங்களில் புதிதாக வரும். வருடத்துக்கு வேண்டியதைத் தெரிந்த பனையேறியிடமே வாங்கிப் போடுங்கள். 2021 வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது. மரம் நின்றால் மட்டும் போதாது, ஏறுகிறவருக்கும் பிழைப்பு ஓட வேண்டும்.

நுங்கும் பதநீரும் கிடைக்காத மற்ற நாட்களில் பொரிகடலையையும் வறுத்த கம்பையும் இடித்துக் கருப்பட்டிப் பாகில் பிடித்த உருண்டை, அவித்த நிலக்கடலை, தட்டாம்பயறு, வெள்ளரிப்பிஞ்சு. இவை போதும். உருண்டை காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் நிற்கும்.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் இளநீரையோ பானகத்தையோ மட்டும் நம்பி உட்காராதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி வீட்டில் வைத்திருங்கள். அது கைக்கு வரும்வரை, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சீனியும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வெயிலில் போய்வந்தவர் உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் நிழலில் படுக்க வைத்து உடம்பெல்லாம் ஈரத்துணி போடுங்கள். உடனே 108க்குச் சொல்லுங்கள்.

புளி வேலை பாக்கி இருந்தால் கொட்டை நீக்கி, கல் உப்புத் தூவி, வெயிலில் வைத்துப் பானையில் அமுக்கிக் கட்டுங்கள். எல்லாவற்றையும் வைகாசி கடைசி வாரத்துக்கு முன் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் மேகாத்து எழும்பிவிடும். கரிசல் புழுதி மாடியில் ஒரு துணியைக்கூட விரிக்க விடாது.