அறை வாடகை தின்ற 35,000 ரூபாய்

அப்பாவுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார் நகல், பாலிசி கார்டு மூன்றையும் நீட்டினால் கேஷ்லெஸ் அனுமதியும் வந்துவிடும். எங்களுக்கும் வந்தது.

வினை, 'ரூம் ரென்ட் லிமிட்' என்ற வரியில் இருந்தது. பாலிசி 3 லட்சம். அதில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய்தான் அறைக்கு. அத்தான் 6,000 ரூபாய் தனி அறையில்தான் சேர்க்க வேண்டும் என்று நின்றார். "மிச்சத்த நாம போட்டுக்கிடலாம் மாப்ள, நாலு பேரு பாக்க வருவாங்கள்ல." இன்சூரன்ஸ் மேஜையில் இருந்த பெண்ணும் "டிஃபரன்ஸ் மட்டும் கட்டினா போதும் சார்" என்றார். அனுமதிக் கடிதத்திலேயே தகுதியான அறை எது என்று போட்டிருந்தது. நான் காட்டினேன். யார் கேட்டார்கள்?

டிஸ்சார்ஜ் அன்று வந்த தாளில் 'ப்ரொபோர்ஷனேட் டிடக்‌ஷன்'. உங்களுக்கு உரிய வாடகை 3,000, எடுத்ததோ 6,000 என்றால், அறைக்கு ஏற்றபடி கூடும் மற்ற கட்டணங்களிலும் பாதிதான் தருவார்கள். சர்ஜன் கட்டணம் 40,000க்கு 20,000. தியேட்டர் 18,000க்கு 9,000. மயக்க மருந்து டாக்டருக்கு 12,000, கிடைத்தது 6,000. வாடகை வித்தியாசம் தனி, இந்த மூன்றில் மட்டும் 35,000 ரூபாய் கையை விட்டுப் போனது. பார்க்க வந்த நாலு பேரும் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்கள்.

மருந்துக்கும் ரத்தப் பரிசோதனைக்கும்கூடப் பாதியை வெட்டியிருந்தார்கள். அங்கேதான் பிடித்தேன். மருந்து, உடலுக்குள் வைக்கும் கருவி, பரிசோதனை, ஐசியு கட்டணம் இவற்றில் இந்த விகித வெட்டு கூடாது என்பது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020லேயே போட்ட விதி. எந்த அறை எடுத்தாலும் ஒரே கட்டணம் வாங்கும் ஆஸ்பத்திரி என்றாலும் வெட்ட முடியாது. அதனால் அறைவாரிக் கட்டணப் பட்டியலைச் சேரும்போதே கேட்டு வாங்குங்கள். இந்த விதியைக் காட்டிக் கம்பெனிக்கு எழுதிப் போட்டேன், மருந்துக் காசும் டெஸ்ட் காசும் திரும்பி வந்தன. சர்ஜன் காசு போனது போனதுதான்.

'கோ-பே' 20 சதவீதம் என்றிருந்தால், ஒத்துக்கொண்ட தொகையிலும் ஐந்தில் ஒரு பங்கு உங்கள் தலையில். வயதானவர்கள் பாலிசியில் கட்டாயம் பாருங்கள். 'நான்-மெடிக்கல்' என்று கையுறை, டயப்பர் எல்லாம் தனியாக வரும், அதோடு மல்லுக்கட்டாதீர்கள். பில் போன பிறகு டிஸ்சார்ஜ் அனுமதிக்கு இன்சூரன்ஸ்காரர்களுக்கு 3 மணி நேரம்தான், 2024 முதல். சாயங்காலம் வரை உட்கார வைத்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் புகாருக்குக் கம்பெனி ஒரு மாதத்தில் பதில் தராவிட்டால் குறைதீர்க்க இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் இருக்கிறார், சென்னையிலேயே அலுவலகம். கட்டணம் கிடையாது, வக்கீல் வாதாடவும் அனுமதியில்லை. எங்கள் சொந்தத்து வக்கீல் ஒருவர் இதற்குப் பத்தாயிரம் கேட்டார். கொடுத்துவிடாதீர்கள்.